ஏழு ஜம்பு

ஸ்டீபிள்சேஸ் என்ற சொல்லுக்கு ‘தடை தாண்டும் ஓட்டம்’ என்று அர்த்தம் எழுதிவிட்டால் சொல்லுக்குள் இருக்கிற கோபுரம் காணாமல் போய்விடுகிறது. 1752-ல் அயர்லாந்தில் ஓகல்லஹன், பிளேக் என்று இரண்டு பேர் பந்தயம் கட்டிக்கொண்டு, பட்டிவெண்ட் என்ற ஊரின் தேவாலயத்திலிருந்து டோனரைல் என்ற ஊரின் தேவாலயக் கோபுரத்தைக் கண்ணில் வைத்து, ஏறத்தாழ நாலரை மைல், குறுக்கே வந்த வேலி, கல்சுவர், ஓடை எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை விட்டார்கள் என்பதுதான் இதன் ஆதிகதை. பாதை என்று ஒன்று கிடையாது. தூரத்துக் கோபுரம்தான் பாதை. வேலியைச் செயற்கையாகக் கட்டி, ஓட்டத்தை ஒரு வளையத்துக்குள் அடைத்து, பார்க்க வருகிறவனிடம் காசு வாங்கியதெல்லாம் பிற்பாடு.

எலவனாசூர்கோட்டையிலிருந்து வடக்கே பார்த்தால் திருக்கோவிலூர். உலகளந்த பெருமாள் கோயில் கோபுரம் 192 அடி என்பார்கள். அங்கே மூலவரே ஒரு காலைத் தூக்கி நிற்பவர். கோபுரங்களுக்குக் குறைவில்லாத தேசத்தில் இப்படி ஒரு பந்தயம் ஏன் பிறக்கவில்லை என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். குதிரை இல்லாததால் அல்ல. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இருப்பது வரப்பு, கரும்பு, ஏரிக்கரை, திறந்த கிணறு, சேரி. இவ்வளவும் ஒருவனுடையதல்ல. அடுத்தவன் பயிரில் குளம்பு பதித்துவிட்டுப் பரிசும் வாங்கிக்கொண்டு போக ஒன்று அவன் நிலச்சுவான்தாராக இருக்கவேண்டும், அல்லது ராஜ்யம் அவனுடையதாக இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த அதிகாரம் அய்யனாருக்கு மட்டும் உண்டு. அவரும் ராத்திரியில்தான் போகிறார். பகலில் அவருடைய மண்குதிரைகள் நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருக்கும்.

இந்த அதிகாரம் இருந்த ஓர் இடம் ஊட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வெள்ளைக்காரர்கள் அங்கே வேட்டைநாய்களைக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கிலாந்து நரி இல்லை, குள்ளநரி போதுமென்றாகிவிட்டது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிக்கு 1891-லிருந்து 1896 வரை சென்னை கவர்னராக இருந்தவரின் பெயரால் வென்லாக் டௌன்ஸ் என்று பெயர். வேட்டைக் குழுவினர் வருஷத்துக்கொரு முறை அங்கே பாயிண்ட் டு பாயிண்ட் நடத்துவார்கள். கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு ஓடிய அந்தப் பழைய ஓட்டத்தின் நேர் வாரிசு அது. கீழே பள்ளத்தில், இன்றைய பஸ் நிலையத்தை ஒட்டி, சமதள ஓட்டத்துக்கான சின்ன மைதானம். சென்னைக் குதிரைகள் கோடைக்கு அங்கே ஏறும்.

என் தாத்தா 1945-ல், பதினேழு வயதில், உறவுக்காரர் ஒருவர் பின்னால் ஊட்டிக்குப் போய் ஒரு துரை வீட்டு லாயத்தில் சேர்ந்தார். இருபது வருஷத்துக்கு மேல் குதிரை தேய்த்தார். துரைகள் போனபின் வெலிங்டன் ராணுவக் கல்லூரியின் மேஜர்கள் வந்தார்கள். அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததாகச் சொன்னதில்லை. ஊரில் எங்கள் வீடு குதிரைக்காரர் வீடு. பள்ளி ஆசிரியராக இருந்த அப்பாவுக்கு அது பிடிக்காது. யாராவது கேட்டால் ‘ஊட்டியில் கம்பெனியில் இருந்தார்’ என்பார். என்ன கம்பெனி என்று மேற்கொண்டு கேட்காத அளவுக்கு எங்கள் ஊர் நாகரிகமானது.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கையில் ஒரு நாவலில் இந்தச் சொல் வந்தது. ஆசிரியர் அதை உச்சரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். ஊருக்கு வந்தபோது தாத்தாவிடம் கேட்டேன். கோபுரம், தேவாலயம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில் அவர் இடைமறித்தார்.

“ஜம்பு ரேஸ சொல்றியா? மொத்தம் ஏழு ஜம்பு. அஞ்சாவது ஜம்புல நான் நிப்பேன்.”

சீகை மிலாறைக் கட்டி வேலி செய்வார்களாம். ஒவ்வொரு வேலிக்கும் இரண்டு குதிரைக்காரர்கள், தோளில் கம்பளியோடு. விழுந்த குதிரையைப் பிடிப்பது, குலைந்த மிலாறைச் சரிசெய்வது அவர்கள் வேலை. துரை விழுந்தால்? “மொதல்ல குதிர கால பாக்கணும், அப்பறந்தான் தொர. தொரயே அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தாரு.” மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்ததில் வேட்டைக் காட்சிகள் நிறையக் கடந்துபோயின. எல்லாம் சேணத்தின் மேலிருந்து எழுதப்பட்டவை. அஞ்சாவது ஜம்பின் கீழிருந்து பார்த்தால் குதிரையின் வயிறும் சேணத்தின் வாரும் பூட்ஸின் அடியும்தான் தெரியும் என்பதை நான் வீட்டுத் திண்ணையில்தான் தெரிந்துகொண்டேன்.

கிளம்பிப் போகும்போது துரை கொடுத்த அச்சுப்படம் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. குதிரைகள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் விரித்துக்கொண்டு அந்தரத்தில் பறக்கும். தாத்தா அதைக் காட்டிச் சிரிப்பார்: “இப்படி எந்தக் குதிர ஓடும்?” ஐரோப்பிய ஓவியர்கள் காலங்காலமாக இப்படித்தான் வரைந்தார்கள். 1821-ல் எப்சம் பந்தயத்தை வரைந்த ஜெரிகோவும் அப்படித்தான். 1878-ல் மய்பிரிட்ஜ் வரிசையாகக் காமிராக்களை வைத்துப் படமெடுத்த பிறகே, நாலு காலும் தரையை விடும் கணத்தில் அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்று நிரூபணமாயிற்று. மய்பிரிட்ஜின் பெயரைத் தாத்தா கேள்விப்பட்டதில்லை. அவசியமும் இருக்கவில்லை.

2024 ஜூனில் ஊட்டி மைதானத்தை, 52 ஏக்கரையும், அரசு எடுத்துக்கொண்டது. குத்தகை 1978-லேயே முடிந்துவிட்டிருந்தது. பாக்கி பல நூறு கோடி. செப்டம்பரில் கிண்டிக்கும் சீல் வைத்தார்கள். நம் வட்டத்து நண்பர்கள் இருவருக்குள் இதை வைத்து ஒரு சண்டை. ஒருவர் காலனியம் முடிந்தது என்று குதித்தார். மற்றவர் ஒரு அழகு போய்விட்டது என்று கவிதை எழுதிவிட்டார். (கவிதை மோசம். மூடுபனி மூன்று இடத்தில் வருகிறது.) இருவருமே கேலரியில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. 1974-ல் பந்தயத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் சூதல்ல, திறமை என்று தீர்ப்புச் சொன்னது. யாருடைய திறமை என்று பிரித்தால் குதிரை, ஜாக்கி, பயிற்சியாளர், பந்தயம் கட்டுகிறவன் வரைக்கும் கணக்கு வருகிறது. கம்பளியோடு நிற்கிறவன் அதில் எங்கே என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வங்கியில் பேரேடு பார்த்துப் பழகியவனுக்கு இந்தமாதிரி விடுபடல் கண்ணில் உறுத்தும்.

அந்த அக்டோபரில் இரண்டு நாள் லீவு போட்டுப் போனேன். மைதானம் எதிர்பார்த்ததைவிடச் சின்னது. ஒரு பெரிய தாம்பாளத்தைச் சரிவுகளுக்கு நடுவே வைத்தமாதிரி. அரசு நிலம் என்று அறிவிப்புப் பலகை. பஸ் ஹார்ன் சத்தம் ஓயாமல் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. உள்ளே விடவில்லை, வெளியிலிருந்து சுற்றினேன். நாலு மணிக்கு வெயில் சாய்ந்ததும் மரங்களின் நிழல் ஓடுபாதைக்குக் குறுக்கே பட்டைபட்டையாக விழுந்தது.

1956-ல் கிராண்ட் நேஷனலில் ராணித்தாயாரின் டெவன் லாக் முப்பது வேலிகளையும் தாண்டிவிட்டது. முன்னால் எந்தக் குதிரையும் இல்லை. எல்லைக்கு ஐம்பது கஜம்போலத்தான் பாக்கி. வெறும் புல்தரையில் திடீரென்று முன்கால்களைத் தூக்கி, அப்படியே வயிறு படியச் சரிந்தது. ஓட்டியவர் டிக் ஃபிரான்சிஸ், பிற்பாடு துப்பறியும் நாவல்கள் எழுதியவர். தசைப்பிடிப்பு என்றார்கள், கூட்டத்தின் கூச்சல் என்றார்கள், பக்கத்து நீர்த்தடையின் நிழலைப் பார்த்து ஏமாந்தது என்றார்கள். முடிவாக ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கதையைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “குதிர கண்ணுக்கு நெழலும் ஜம்புதான்டா தம்பி. மேல இருக்கறவனுக்கு அது தெரியாது” என்றார். அப்பா உள்ளேயிருந்து, படிக்கிற பிள்ளையிடம் என்ன பேச்சு என்று குரல் கொடுத்தார். அவர் நிழலைக் கண்டு வாழ்நாள் முழுக்கத் தாண்டிக்கொண்டிருந்தவர். அதைச் சொல்லிக்காட்ட எனக்கு மனசு வந்ததில்லை.

மறுநாள் வென்லாக் டௌன்ஸ். இப்போது ஜனங்களுக்கு அது ஷூட்டிங் மட்டம். கூடலூர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் சீகை, ஒரு பக்கம் கற்பூர மரம். புல் மிச்சமிருக்கும் சரிவுகளில் சினிமாப் பாட்டு எடுத்த இடம் எது என்று தேடுகிற குடும்பங்கள். வழியில் இந்துநகரில் 1960-ல் தொடங்கி, மூடப்பட்டுவிட்ட பிலிம் தொழிற்சாலை. அஞ்சாவது ஜம்பு எந்தச் சரிவில் இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதற்காகப் போகவும் இல்லை.

வாடகைக் குதிரைக்காரர் ஒருவர் வந்தார். ஒரு ரவுண்டு நூறு ரூபாய் என்றார். செம்பட்டைக் குதிரை, வலது பின்னங்காலை லேசாகத் தாங்கி வைத்தது. ஏறவில்லை, கூட நடக்கிறேன் என்றேன். கயிற்றைக் கொடுத்தார். குதிரையின் தோளுக்குப் பக்கத்தில், இடதுபுறமாக, ஒரு கையை நீட்டாமல் மடக்கி, தாத்தா எருமையைக்கூட அப்படித்தான் நடத்திக்கொண்டு வருவார். சரிவின் அடிவரை போய்த் திரும்பினோம். லாடம் தேய்ந்திருக்கிறது என்றேன். “தெரியும் சார், திங்கக்கிழமை அடிக்கணும்” என்றார். ஏறாமல் நடந்ததற்கும் அதே நூறு ரூபாயை வாங்கிக்கொண்டார்.