நாலாம் படியோடு நிற்கலாமா?

வெல்லெஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கும் மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகள் தெரியும். 1960களில் எழுந்தவை, ஹலிபக்ஸ், வன்கூவர் என்று கனேடிய நகரங்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. எங்களில் பலருக்குக் கனடாவின் முதல் வாசல் இதுதான்.

இங்கே அடுத்த கதவைத் தட்டினால் தமிழ். அதுதான் எங்களுக்கு ஆறுதல், அதுவே தடையும். கடையில் விலை கேட்டுச் சமாளிக்கிறோம். ஆனால் டொக்ரரிடம் போகும்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் கூட்டிப் போகிறோம். தாயின் வருத்தத்தைப் பிள்ளையா மொழிபெயர்ப்பது?

கனடாவில் மொழித்திறனுக்கு 12 படிகள். குடியுரிமைக்குக் கேட்பதிலும் பேசுவதிலும் 4 போதும். 5 முதல் 8 வரை இடைநிலை, 9இலிருந்து உயர்நிலை. 1992இல் தொடங்கிய லிங்க் வகுப்புகள் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கும் இலவசம். வழக்கு முடியாதவர்கள் மாகாணத்தின் ஈ.எஸ்.எல். வகுப்புகளை விசாரிக்கலாம்.

வகுப்பில் படித்தது வாயில் வந்தால்தான் மொழி. எலிவேற்றரில் எங்களோடு வரும் பிலிப்பினோ அம்மாவுக்கும் ஆங்கிலம் பிறகு படித்த மொழிதான். அவரோடு கதைக்க வெட்கம் ஏன்? ஷேர்போர்ன் வீதியில் 2004இல் திறந்த நூலகத்தில் கதைப்புத்தகம் எடுத்துப் பிள்ளைகளுக்கு உரத்து வாசிப்போம். பிழையை அவர்கள் திருத்தட்டும்.

அடுத்த முறை டொக்ரரிடம் நாங்களே கதைப்போம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.