அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... பசித்தால் எங்கே சாப்பிடலாம்?

‘‘கோயம்பேடு மார்க்கெட்டுக்கு மாதத்தில் இரண்டு, மூன்று முறை காய்கறி லோடு கொண்டு வருகிறோம். சில நேரம் குடும்பத்தோடு திருவேற்காடு, மாங்காடு கோயில்களுக்கும் வருவோம். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நம்பிச் சாப்பிட நல்ல இடங்கள் எவை?’’ என்று செய்யாறு பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கடைப் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொடுப்பது சுலபம். ஆனால், அந்தப் பட்டியல் ஒரு வருஷம் தாங்காது. மாஸ்டர் மாறினால் ருசி மாறிவிடும். வாடகை ஏறினால் கடையே இடம் மாறிவிடும். அதனால் எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன சாப்பாடு நன்றாகக் கிடைக்கும் என்று சொல்கிறேன். கூடவே, விவசாயி என்ற முறையில் அந்தத் தட்டில் நீங்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்களையும் சொல்கிறேன். சாப்பாட்டு பில்லைவிட அதில் உங்களுக்கு லாபம் அதிகம்.

ஏரிப் பாசன ஊர்கள் தொழிற்பேட்டை ஆன கதை

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பருத்திப்பட்டு எல்லாமே ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைந்த ஊர்கள். 1955 ஜனவரியில் ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு நடந்து, ‘சோசலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானம் நிறைவேறியது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் இந்தப் பகுதியின் முகமே மாறிப்போனது. 1961-ல் ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை (எச்.வி.எஃப்.) வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாம் என்று ஆவடியைச் சுற்றி மத்திய அரசு நிறுவனங்கள் ஏராளம்.

வேலை தேடி முதலில் வந்தவர்கள் நம் தென்மாவட்ட, வடமாவட்டக்காரர்கள். கேரளா, ஆந்திராவிலிருந்தும் வந்தார்கள். பஞ்சாப், ஹரியானா பக்கமிருந்து படைவீரர் குடும்பங்கள் வந்தன. கடந்த இருபது ஆண்டுகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் தொழிலாளர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் தங்கள் ஊர்ச் சமையலையும் கொண்டுவந்தார்கள். அதனால்தான், சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் நாலைந்து ஸ்டேஷன் தூரத்துக்குள் பாதி இந்தியாவின் சாப்பாட்டையும் பார்த்துவிடலாம்.

அம்பத்தூர்: ஷிஃப்ட் நேரம் பார்த்துப் போங்கள்

தொழிற்பேட்டை காலை 6 மணிக்கே விழித்துவிடும். டன்லப், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தங்களை ஒட்டிய தள்ளுவண்டிகளிலும் சின்ன மெஸ்களிலும் இட்லி, பொங்கல், பூரி சுடச்சுடக் கிடைக்கும். கோயம்பேட்டில் வியாபாரம் முடித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சரியான நேரம் இது. முதல் ஷிஃப்ட் ஆட்கள் வரிசை கட்டி நிற்கும் வண்டியில் சாப்பிடுங்கள். தினமும் அதே இடத்தில், அதே ஆட்களுக்குப் பரிமாறுகிற கடைக்காரர், பழைய மாவை ஊற்றி வாடிக்கையைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். மதியச் சாப்பாடும் அப்படித்தான். 12 மணியிலிருந்து 1.30-க்குள் போய்விட வேண்டும். 2 மணிக்கு மேல் மிச்சம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டைக்குள் இருக்கும் மெஸ்கள் பலவும் திறக்காது.

கையில் காசு குறைவாக இருந்தால் அம்மா உணவகத்தை மறக்காதீர்கள். 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்ததால், மாநகராட்சி 2013-ல் தொடங்கிய இந்த உணவகங்கள் அம்பத்தூரிலும் உண்டு. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்ற விலையில் தொடங்கப்பட்டவை இவை. வெள்ளாமை நஷ்டப்பட்ட நாளில் லோடு இறக்கிவிட்டு, வயிற்றைக் காயப் போட்டுக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதில்லை.

மாலையில் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் தெருக்களில் வேறு வாசனை வரும். பீகார்க்காரர்களின் ‘லிட்டி’ ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய பண்டம். கோதுமை மாவு உருண்டைக்குள் வறுத்த கொண்டைக்கடலை மாவை மசாலாவோடு வைத்து, தணலில் சுட்டெடுப்பார்கள். தொட்டுக்கொள்ள ‘சோக்கா’. கத்திரிக்காயையும் தக்காளியையும் தீயில் சுட்டு, வெந்த உருளைக்கிழங்கோடு மசித்து, பச்சைக் கடுகு எண்ணெய் ஊற்றிப் பிசைந்தது. நம் வீட்டுச் சுட்ட கத்திரிக்காய்க் கடையலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். கடுகு எண்ணெய் வாசனை பழகாதவர்களுக்கு முதல் வாய் கொஞ்சம் ஏறும்.

வங்காளிகள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளில் சோறும் மீன் குழம்பும் பிரதானம். நம்மவர்கள் வஞ்சிரம், சங்கரா என்று கடல்மீனைத் தேடுவார்கள். அவர்களுக்கு ரோகு, கட்லா போன்ற குளத்து மீன்தான் உசத்தி.

ஆவடி: ரொட்டியும் புட்டும் ஒரே தெருவில்

ஆவடியில் முகாம்களையும் குடியிருப்புகளையும் ஒட்டிய கடைகளில் சப்பாத்தி, தந்தூரி ரொட்டி, ராஜ்மா, சென்னா மசாலா நன்றாக இருக்கும். வடநாட்டுக் குடும்பங்களே வந்து சாப்பிடுகிற கடையா என்று பாருங்கள். அதுதான் அடையாளம். மாலை நேரம் கூட்டமாக இருக்கும்போது போனால் ரொட்டி அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வரும்.

கேரளக்காரர்கள் இங்கே இரண்டு, மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் சின்னக் கடைகளில் காலையில் புட்டும் கடலைக்கறியும், ஆப்பமும் கிடைக்கும். மதியம் சிவப்பு மட்டை அரிசிச் சோறு. சில கடைகளில் ‘கப்பையும் மீன்கறியும்’ உண்டு. கப்பை என்றால் வேறொன்றுமில்லை, நம் மரவள்ளிக்கிழங்குதான்.

திருவள்ளூர் மாவட்டம் ஆந்திர எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பதால் ஆந்திரா மெஸ்களும் நிறைய. பருப்புப்பொடி, நெய், ‘கோங்குரா’ துவையல் இலையில் வரும். கோங்குரா என்பது நம் புளிச்சக்கீரை. நம் ஊரில் வரப்போரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் கீரை, இங்கே ஆந்திரா மெஸ்ஸின் அடையாளமாகவே இருக்கிறது. காரம் அதிகம், குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

குடும்பத்தோடு வந்தால், ஆவடி - பூந்தமல்லி சாலையில் இருக்கும் பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகலாம். ஏரி ஏரியாகவே மிஞ்சியிருப்பதைப் பார்ப்பதே நமக்கு ஒரு ஆறுதல்.

பூந்தமல்லி: பிரியாணியும் அன்னதானமும்

பூந்தமல்லி, பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். இதே சாலையில் நேராகப் போனால் ஆம்பூர், வாணியம்பாடி. அதனால் சீரகச் சம்பாவில் செய்யும் ஆம்பூர் பாணி பிரியாணியையும், பாஸ்மதியில் செய்யும் மற்ற பிரியாணிகளையும் இங்கே பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் சாப்பிட்டுப் பார்க்கலாம். மதியம் 12 மணிக்கு அண்டா திறந்ததும் போவது நல்லது. கரையான்சாவடி, குமணன்சாவடிப் பக்கம் சைவ ஓட்டல்களுக்கும் குறைவில்லை.

திருவேற்காடு கருமாரியம்மன், மாங்காடு காமாட்சியம்மன் கோயில்களுக்கு வருகிறவர்கள், மதிய அன்னதானத்தில் கலந்துகொள்ளலாம். வயதானவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு இதைவிட எளிய, வயிற்றுக்கு இதமான சாப்பாடு கிடைக்காது.

பூந்தமல்லியை அடுத்த திருமழிசை நம்மில் பலருக்கு மறக்க முடியாத இடம். 2020 மே மாதம், கொரோனா காலத்தில் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் மூடப்பட்டு, திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் வரை அங்கேதான் லோடு இறங்கியது. மழையில் சேறும் சகதியுமாக நின்ற அந்த மைதானம் இப்போதும் கண்ணில் நிற்கும். ஊரடங்கில் ஓட்டல்கள் இலை போட முடியாமல் கிடந்தபோது, நம் காய்கறி எப்படித் தேங்கியது என்பதை அன்று நேரிலேயே பார்த்தோம். ஓட்டல் அடுப்பு எரிந்தால்தான் நம் வீட்டு அடுப்பும் எரியும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம்.

சாலையோரம்: கூழும் அத்தோவும்

அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருத்தணி போகும் சி.டி.எச். ரோட்டில் கோடைக்காலத்தில் கேழ்வரகுக் கூழ், கம்மங்கூழ் வண்டிகள் நிற்கும். மோர் மிளகாய், சின்ன வெங்காயம், கருவாடு என்று தொட்டுக்கொள்ள வரிசையாக வைத்திருப்பார்கள். ஊரில் தினமும் குடிப்பதுதானே என்று தாண்டிப் போகாதீர்கள். வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு பிரியாணியைவிட இதுதான் நல்லது.

இன்னொன்று ‘அத்தோ’. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் சென்னைக்குக் கொண்டுவந்த பண்டம். வடசென்னையில் பரவி, இப்போது புறநகர்த் தள்ளுவண்டிகளிலும் கிடைக்கிறது. நூடுல்ஸோடு முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். தார் வெட்டியபின் நாம் தோட்டத்திலேயே போட்டுவிட்டு வரும் தண்டு, இங்கே கிண்ணத்தில் விலைக்கு வருகிறது.

தட்டில் தெரியும் சந்தை

இப்போது விவசாயிக் கண்ணோடு இந்தத் தட்டுகளைத் திரும்பப் பாருங்கள்.

வங்காளி கடைக்கு ரோகு, கட்லா வேண்டும். பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பிரியாணிக் கடைக்குச் சீரகச் சம்பா வேண்டும். அதைப் பயிரிடுகிறவர்கள் தழைச்சத்தை அளவோடு வைத்தால்தான் பயிர் சாயாமல் நிற்கும். கப்பைக்கடைக்கு நன்றாக வேகிற மரவள்ளி வேண்டும். ஜவ்வரிசி ஆலைக்காகச் சேலம் பக்கம் பயிரிடும் எச்-226 ரகமும், கேரளாவில் சமையலுக்கென்றே விரும்பும் எம்-4 ரகமும் ஒன்றல்ல. வடமாநிலத்தவர் தேடும் ‘பர்வல்’ காய், பார்ப்பதற்குப் பெரிய கோவைக்காய் போல இருக்கும். கொடியை வெட்டி நட்டு வளர்க்கும் பயிர் அது. ஆண் செடி, பெண் செடி தனித்தனி. பத்துக்கு ஒரு ஆண் செடியாவது தோட்டத்தில் இருந்தால்தான் காய் பிடிக்கும்.

அதற்காக, இதைப் படித்ததும் ஒரு ஏக்கரில் பர்வல் போட்டுவிடாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ‘இந்தக் காயை எங்கே வாங்குறீங்க? வாரத்துக்கு எவ்வளவு வேணும்? எந்த மாசத்துல கிடைக்காம கஷ்டப்படுறீங்க?’ கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டால் பெரும்பாலானவர்கள் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். பத்துக் கடையில் விசாரித்து, கோயம்பேட்டில் விலையையும் ஒப்பிட்டுவிட்டு, ஐந்து சென்டில் போட்டுப் பாருங்கள். விற்றுக் காசைப் பார்த்த பிறகு பரப்பைக் கூட்டலாம். புளிச்சக்கீரை, வாழைத்தண்டு, வாழை இலை போன்றவற்றுக்குப் புதிதாக எதையும் நட வேண்டியதே இல்லை. லோடு வரும்போது சில கட்டுகள் சேர்த்து ஏற்றி வந்து, மெஸ்களில் நேரடியாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

உட்காரும் முன்பு பார்க்க வேண்டியவை

* கடையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு எண் பார்வையில் படும்படி இருக்க வேண்டும்.

* வடை, போண்டாவைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அச்சு மை உடம்புக்கு ஆகாது. வாழை இலையிலோ தட்டிலோ கேளுங்கள்.

* எண்ணெய் கறுத்து, புகைந்துகொண்டிருந்தால் அந்தக் கடையில் பொரித்ததைத் தவிர்த்துவிடுங்கள்.

* அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா, கூட்டு பொரியல் மறுபடி கிடைக்குமா என்று முதலிலேயே விலையோடு கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

* பில்லில் ஜி.எஸ்.டி. வசூலித்திருந்தால், கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

* பிள்ளைகளோடு வந்தால் வீட்டிலிருந்து கொதிக்கவைத்த தண்ணீர் கொண்டு வாருங்கள்.

* லாரியில் வருகிறவர்கள், நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், விசாரித்துக்கொண்டு நிறுத்துங்கள். அபராதம் கட்டினால் அன்றைய சாப்பாட்டுக் காசு போல பல மடங்கு போய்விடும்.

கடைசியாக ஒன்று. பட்டணத்து ஓட்டலில் வேட்டியும் துண்டுமாக நுழையத் தயங்குகிற விவசாயிகள் இன்னும் உண்டு. அந்த இலையில் இருக்கும் சோறு, பருப்பு, கீரை, காய், ஏன் அந்த இலையே நம் தோட்டத்திலிருந்து போனதுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.