வெள்ளி இல்லாத வெள்ளி

பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் விலை கேட்டால், “அஞ்சு வெள்ளி” என்பார்கள். நோட்டில் ஏது வெள்ளி? ஒரு காலத்தில் இங்கே புழங்கியது ஸ்பானிய வெள்ளி நாணயம். அதன் பல் வைத்த விளிம்பைக் குறித்த மலாய்ச் சொல்தான் ‘ரிங்கிட்’. நாமோ உலோகத்தின் பெயரையே வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக் காசு நமக்குப் புதிதல்ல. சேகரிப்பாளர்கள் தேடி அலையும் ரோமானிய வெள்ளிக் காசுகள், மிளகு வணிகம் செழித்த தமிழகத்தில், கரூர், கோவை வட்டாரங்களில் புதையலாகவே கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னன் காசில் வெள்ளியைக் குறைத்தான். அதற்குப் பிந்தியவை அங்கே அரிது. நம் வணிகர்கள் தரம் பார்த்தே வாங்கியிருக்க வேண்டும்!

விடுமுறையில் பிள்ளைகளைக் கோலாலம்பூர் சசானா கிஜாங்கிலுள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பழங்காசுகளைக் காட்டி, நாம் ஏன் ‘வெள்ளி’ என்கிறோம் எனச் சொல்லுங்கள். ‘ரிங்கிட்’ மட்டுமே சொல்லி வளரும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லும் அரும்பொருளாகிவிடக் கூடாது.