நீரின் மேல் கிடக்கும் வானம்

புகைப்படக் கருவியின் வில்லைக்கு முன்னால் திருகி மாட்டும் வடிகட்டிகளுக்கு ஒரு காலத்தில் பெரும் மதிப்பிருந்தது. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் நாட்களில் வானத்தைக் கருமையாக்க மஞ்சளும் சிவப்பும், வண்ணச் சுருள் வந்தபின் விளக்கொளியின் மஞ்சளைத் தணிக்க நீலமும் என ஒரு சிறு பெட்டியே வைத்திருப்பார்கள். டிஜிட்டல் கருவி வந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை வேலையிழந்தன. நிறத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கணினியில் முடிந்துவிடுகிற காரியமாயிற்று. ஆயினும் போலரைசர் என்னும் வடிகட்டி இன்றுவரை ஓய்வு பெறவில்லை. காரணம் எளியது. நீரின் மேலோ கண்ணாடியின் மேலோ படிந்த மினுக்கம் அடியிலிருப்பதை மறைத்துவிட்டால், அடியிலிருப்பது படத்தில் பதிவாவதே இல்லை. பதிவாகாத ஒன்றை மென்பொருள் மீட்டுத் தராது. இன்றைய மென்பொருள்கள் ஊகித்து வரைந்து தரக்கூடும். ஆனால் அது ஊகம்தான், அங்கே இருந்த பொருள் அன்று.

இந்த வடிகட்டியின் செயலைப் பாடநூல்கள் 'தளவிளைவு' என்ற சொல்லால் விளக்குகின்றன. ஒளியலை தான் செல்லும் திசைக்குச் செங்குத்தாக எல்லாப் பக்கங்களிலும் அதிர்கிறது. நீர், கண்ணாடி, மெருகேறிய கல், இலை போன்றவற்றின் மேல் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது அந்த அதிர்வு பெரிதும் ஒரே தளத்தில் ஒடுங்கிவிடுகிறது. போலரைசர் ஒரு தளத்தின் அதிர்வை மட்டும் உள்ளே விடும். வளையத்தைச் சுழற்றச் சுழற்ற ஒரு நிலையில் மினுக்கம் அவிந்துபோகும். 1808ஆம் ஆண்டு பாரிசில் லக்சம்பர்க் அரண்மனைச் சாளரங்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்த மாலூஸ், படிகத்தைத் திருப்பும்போது அவ்வொளி மங்குவதைக் கண்டார். 1815இல் புரூஸ்டர் அதற்குரிய கோணத்தை வகுத்தார். நீருக்கு அது செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகை. குளக்கரையில் நிற்பவர் காலடியைப் பார்த்தாலும் பயனில்லை, எதிர்க்கரையைப் பார்த்தாலும் பயனில்லை. சற்று முன்னால், சாய்ந்த பார்வை விழும் இடத்தில்தான் நீர் திறக்கும். உலோகத்தின் மினுக்கத்தை இது தீண்டுவதில்லை. திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுக்கு முன் எவ்வளவு சுழற்றினாலும் அவற்றின் பளபளப்பு அப்படியே இருக்கும்.

மினுக்கத்தை விலக்கிப் பார்ப்பது வெறும் அழகியல் விருப்பமன்று என்பதற்குத் திருச்சிராப்பள்ளி மண்ணில் பிறந்த ஒருவரே சான்று. ஆழ்கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்று ரேலி பிரபு கருதியிருந்தார். 1921இல் இங்கிலாந்து சென்று 'நர்குண்டா' என்னும் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன், நிக்கோல் பட்டகம் என்னும் சிறு படிகக் கருவியைக் கண்ணருகே பிடித்துக் கடலைப் பார்த்தார். இன்றைய போலரைசருக்கு மூத்த உறவு அது. நீர்ப்பரப்பில் திரும்பும் வானொளியை அது விலக்கிற்று. நீலம் இரவலாக இருந்திருந்தால் வானொளியோடு சேர்ந்து அதுவும் போயிருக்க வேண்டும். போகவில்லை, இன்னும் செறிந்து தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த வழியில் தொடர்ந்த ஆய்வுதான் 1928இல் ராமன் விளைவாகவும், 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. ஒரு பொருளின் நிறம் அதன் சொந்த நிறமா, மேலே கிடக்கும் ஒன்றின் சாயலா என்று கேட்க அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் அந்தப் படிகம் ஒன்றுதான்.

தமிழ் கற்பிக்கும் நாங்கள் இருவரும் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவருமாகச் சில ஆண்டுகளாகப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கண்மாய்களையும் ஊருணிகளையும் படமெடுத்து வருகிறோம். வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. மழைநீரைத் தேக்கித் தேக்கியே இங்கே ஊர்கள் உண்டாயின. குழாய் வந்த பின்னும், பருப்பு நன்றாக வேகும் என்று சொல்லி ஊருணித் தண்ணீரைச் சுமந்து செல்லும் வீடுகள் இருக்கின்றன. கல்லூரி ஆண்டு மலருக்காக அன்னவாசல் பக்கத்து ஊருணி ஒன்றை ஒரே இடத்திலிருந்து இருமுறை எடுத்தோம். முதற்படத்தில் வெண்மேகங்களோடு வானம் முழுவதும் நீரில் இறங்கியிருந்தது. போலரைசரைச் சுழற்றி எடுத்த இரண்டாம் படத்தில் வானம் இல்லை. படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக நீருக்குள் இறங்குவதும், மூன்றாம் படியோடு அவை வண்டலுக்குள் மறைவதும், வண்டலில் பாதி புதைந்த பிளாஸ்டிக் பைகளும் தெரிந்தன.

மலரில் எதைப் போடுவது என்பதில் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. "வானமும் அங்கே இருந்ததுதானே சார், அதை விலக்குவது மட்டும் பொய்யாகாதா?" என்றார் இயற்பியல் நண்பர். நியாயமான கேள்வி. பிரதிபலிப்பும் ஒளிதான், கண் அதைத்தான் முதலில் காண்கிறது. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு குடத்தோடு படியில் நின்ற மூதாட்டி ஒருவர் கருவியின் திரையில் இரண்டு படங்களையும் பார்த்தார். "தம்பி, மொதப் படத்துல ஊருணி நெறஞ்சு கெடக்கு. ரெண்டாவதுலதான் எத்தன படி தண்ணின்னு தெரியுது" என்றார். பிறகு குனிந்து, தம் நிழல் நீரின் மேல் விழும்படி நின்று, தெளிந்த இடம் பார்த்துக் குடத்தை அமிழ்த்தினார். நிழல் விழுந்த இடத்தில் வானத்தின் மினுக்கம் குறைந்து அடி தெரிகிறது. நாங்கள் விலை கொடுத்து வாங்கிய வடிகட்டி செய்வதை நீர் மொள்பவர்கள் நெடுங்காலமாகத் தம் நிழலால் செய்து வருகிறார்கள். முறை வேறு, நோக்கம் ஒன்று. தண்ணீர் எவ்வளவு, எப்படி என்று அறிய வேண்டியவருக்கு வானம் இடையூறு.

எனினும் இந்த வடிகட்டியால் ஆகாத காரியங்களையும் சொல்லவேண்டும். நார்த்தாமலையில் விசயாலய சோழீசுவரம் நிற்கும் மேலமலையில் பாறைச் சுனை ஒன்று உண்டு. அதன் நீருக்குள் ஒரு குடைவரையும் அதில் சிவலிங்கமும் மூழ்கிக் கிடக்கின்றன. 1857இல் இராமச்சந்திரத் தொண்டைமானின் மூத்த அரசி சுனை நீரை இறைக்கச் செய்து அந்த இலிங்கத்தை வழிபட்டதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. சுனைக்கரையில் நின்று வளையத்தைச் சுழற்றிப் பார்த்தோம். மேற்பரப்பின் ஒளி விலகியது. கரையோரப் பாறை ஒரு முழ ஆழம்வரை தெரிந்தது. அதன் கீழே பசுமையான கலங்கல். மினுக்கம் வேறு, கலங்கல் வேறு. முன்னதை ஒரு கண்ணாடித் தகடு விலக்கும். பின்னதற்கு ஆட்களைக் கூட்டி நீரை இறைக்கத்தான் வேண்டும்.

அங்கிருந்து தொலைவில் இல்லாத சித்தன்னவாசலில் இந்த எண்ணம் வேறொரு திசையில் சென்றது. அறிவர் கோயில் எனப்படும் அந்தச் சமணக் குடைவரையை, அவனிபசேகரன் என்னும் ஸ்ரீவல்லபப் பாண்டியன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுக்கிய செய்தியை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. விதானத்துத் தாமரைக் குளம் பலரும் அறிந்தது. புகைப்படக் கருவியை உறைக்குள் வைத்துவிட்டு, போலரைசரை மட்டும் கண்ணருகே பிடித்து அண்ணாந்து பார்த்தோம். எதுவும் மாறவில்லை, வந்த ஒளியில் பாதிக்கு மேல் அதுவே விழுங்கிவிட, அரையிருட்டு இன்னும் இருண்டது. சுண்ணாம்புச் சாந்தின் சொரசொரப்பில் விலக்குவதற்கு மினுக்கம் இல்லை. பூச்சின் பளபளப்பு உள்ள ஓவியங்களைப் பதிவு செய்வோர் விளக்குகளின் முன் ஒரு தளவிளைவுத் தகடும் வில்லையின் முன் அதற்குக் குறுக்காக இன்னொன்றும் வைத்து எடுப்பதுண்டு. அந்த முறையாலும் உதிர்ந்துபோன சாந்தைத் திரும்பக் கொண்டுவர இயலாது. ஓவியத்தில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியதும் மங்கி வருகிறது.

ஆனால் தகட்டைக் கீழே இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. அந்தக் குளத்தில் வானம் இல்லை. மேகத்தின் சாயலோ கரையின் தலைகீழ் உருவமோ நீரில் விழவில்லை. தாமரைத் தண்டுகளுக்கும் இலைகளுக்கும் இடையே மீன்கள் முழு உடலோடு தெரிகின்றன. அன்னங்களும் எருமைகளும் யானைகளும் பூக்கொய்வோரும் தத்தம் இடத்தில் மறைவின்றி நிற்கிறார்கள். கரையில் நிற்பவன் கண்ணுக்குப் பட்டதை அந்த ஓவியன் தீட்டவில்லை. குளத்தில் உள்ளவை இன்னவை என்று அவன் அறிந்ததைத் தீட்டினான். பிரதிபலிப்பைப் பார்க்கத் தெரியாதவன் என்று அவனை எண்ண இடமில்லை. இத்தனை ஊருணிகள் உள்ள நிலத்தில் நாள்தோறும் நீரில் வானம் பார்த்திருப்பான். பார்த்தும் விட்டுவிட்டான். அருகன் அறமுரைக்கும் சமவசரணத்தில் பேறுடையோர் மலர் பறிக்கும் பொய்கை அது என்று அறிஞர் சொல்வர். அத்தகைய இடத்தில் கண்ணைக் கூசச் செய்யும் ஒளிக்கு வேலையில்லை என்று அவன் கருதியிருக்கலாம்.

இதனால் போலரைசரை எப்போதும் மாட்டியே வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. மழை பெய்து ஓய்ந்த தெருவின் அழகு அதன் ஈர மினுக்கத்தில்தான் இருக்கிறது. அதை அவித்துவிட்டால் எஞ்சுவது தார்ச்சாலை. அகன்ற வில்லையில் மாட்டினால் வானத்தின் ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளுத்தும் போகும். எதை விலக்குகிறோம், யார் பொருட்டு விலக்குகிறோம் என்ற கேள்வியோடு சுழற்றவேண்டிய வளையம் அது. ஆண்டு மலரில் இரண்டு படங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டோம். மாணவர்கள் முதற்படத்தைத் தம் கைப்பேசிகளில் பதிவு செய்துகொண்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் மட்டும் இரண்டாம் படத்தின் முன் நின்று, நீருக்கு மேலும் கீழுமாகப் படிகளை எண்ணினார்கள். தம் சிறு வயதில் ஏழு படி தண்ணீர் நின்றதாகப் பாட்டி சொல்வார் என்றாள் அவர்களுள் ஒருத்தி. வண்டலை எப்போது வாருவார்கள் என்றும் கேட்டாள். அதற்கு எங்களிடம் விடையில்லை. ஆனால் வானம் நிறைந்த படம் மட்டும் அச்சாகியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.