மணல் எங்கே இருக்கிறது?

காலண்டரை ஆணியில் மாட்டுவதற்கு முன்பே சிவப்பு எழுத்துத் தேதிகளைப் புரட்டிப் பார்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சனி, ஞாயிறில் விழுந்து வீணாய்ப் போகும் விடுமுறைக்கு ஒரு 'ப்ச்'. வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். 2026 இந்த விஷயத்தில் தாராளம். சுதந்திர தினம் சனிக்கிழமையில் போய் விழுந்துவிட்டது என்றாலும் மே 1, அக்டோபர் 2, டிசம்பர் 25 மூன்றும் வெள்ளிக்கிழமை.

வட்டம் போட்டாயிற்று, எங்கே போவது? சென்னையில் குடியிருப்பவர்கள் கூர்க் என்று தொடங்குவார்கள், மூணாறு என்பார்கள், ஏற்காடாவது போகலாமே என்று இறங்கி வருவார்கள். கடைசியில் பேச்சு பாண்டிச்சேரியில் வந்து நிற்கும். ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, இன்னொரு பக்கம் திண்டிவனம் வழி, எழும்பூரிலிருந்து ரயிலும் உண்டு. மலைக்குப் போனால் மூன்று நாளில் இரண்டு நாள் காருக்குள் கழியும். பாண்டியில் அந்தத் தொல்லை இல்லை.

ஊர் முடிவானதும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வந்தது. அம்மாவுக்கு மணக்குள விநாயகர். "லட்சுமிகிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டு வரணும்டா" என்றாள். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில், காலை நடைப்பயிற்சிக்குப் போன இடத்திலேயே தெருவில் சரிந்து இறந்துபோனது. அதை மூன்றாவது முறையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மகனுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும். மனைவிக்கு, யாரும் எதுவும் கேட்காத ஒரு திண்ணையும் காபியும் போதும். மச்சினன் எதுவும் கேட்கவில்லை. அவன் பாண்டிக்கு எதற்கு வருகிறான் என்று எல்லாருக்கும் தெரியும், அம்மாவைத் தவிர. ஆனால், "கடல்ல நல்லா ஆட்டம் போடணும்" என்பதில் அத்தனை பேரும் ஒன்று. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

பாண்டிச்சேரிக்குக் கடல் உண்டு. நகரத்துக்கு முன்னால் கால் நனைக்க மணல் உண்டா என்பது வேறு கேள்வி. கடற்கரைச் சாலை ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்லப்படும் எட்டுக் கல்தூண்களுக்கு நடுவே காந்தி சிலை, முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் எல்லாம் அந்த ஓரத்தில்தான். ஆனால் சாலையின் கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் கருங்கல் குவியல். இளவட்டங்கள் அதை 'ராக் பீச்' என்கிறார்கள். பாறையும் அங்கே பிறந்ததல்ல, லாரியில் வந்திறங்கியது. பழைய புகைப்படங்களில் அதே இடத்தில் அகலமான மணல் கிடக்கிறது, கட்டுமரங்கள் ஏறிக் கிடக்கின்றன.

மணல் எங்கே போயிற்று? நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அலை கரையைச் சாய்வாக வந்து தொட்டு மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழையில் தெற்கே இழுக்கும். ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். வாய்க்காலில் குறுக்கே மண்ணை வெட்டிப் போட்டால் மேல்மடை தேங்கிக் கீழ்மடை காயுமே, அதுதான் நடந்தது. சுவருக்குத் தெற்கே மணல் மேடு தட்டியது. வடக்கே, நகரத்தின் முன்னால், கடல் மட்டும் மிச்சம். தேங்கிய மணலைக் குழாயில் உறிஞ்சி வடபக்கம் கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அதைத் தொடர்ந்து செய்யவில்லை. சுவர் கட்டக் கிடைக்கும் உற்சாகம் அதற்குப் பிறகு வருஷாவருஷம் செய்ய வேண்டிய வேலைக்கு எந்த ஊரிலும் கிடைப்பதில்லை.

நகரத்தைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். ஒவ்வொரு குப்பமும் தன் முன்னால் கல் கேட்டது. கல் விழுந்ததும் அதற்கு வடக்கே இருந்த குப்பம் கரைந்தது. விடுமுறைக்கு அறை தேடுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று மச்சினன் கேட்டான். அறை விளம்பரத்தில் 'கடற்கரையிலிருந்து இரண்டு நிமிடம்' என்று போட்டிருக்கிறதே, அந்தக் கடற்கரையில் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றேன். தந்திராயன்குப்பத்துக் கரையைத்தான் சுற்றுலாக்காரர்கள் 'செரினிட்டி பீச்' என்கிறார்கள். அலைச்சறுக்குப் பள்ளி அங்கே உண்டு, மகன் கணக்கு தீர்ந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசைகளும் அங்கே உண்டு. அவற்றின் பக்கம் யாரும் குளிக்க இறங்கக் கூடாது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்துக் கொடுத்தபடி, 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் கடலுக்கடியில் ஆப்பு வடிவ இரும்புப் பெட்டி ஒன்றை இறக்கினார்கள். நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் செயற்கைத் திட்டு அது. அலையின் வேகம் அதில் தட்டிக் குறைந்ததும், பல வருஷமாக வராத மணல் கொஞ்சம் கொஞ்சமாக வந்து தங்கியது. இப்போது அங்கே குழந்தைகள் மணல்வீடு கட்டுகிறார்கள். இந்த மணல் வருஷம் முழுக்க ஒரே அளவில் இருக்காது. வடகிழக்குப் பருவமழைக் கடல் அதைத் தின்றுவிட்டு, கோடையில் திருப்பித் தரும்.

அந்த ஒரு தகவல் மூன்று வட்டங்களில் ஒன்றை அடித்துவிட்டது. டிசம்பர் 25 என்றால் மழைக்காலத்தின் வால், கலங்கிய கடல், குறுகிய கரை. போதாததற்கு ஆங்கிலப் புத்தாண்டு வாடகை. அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி. அன்று தமிழ்நாட்டில் மட்டுமல்ல, புதுச்சேரியிலும் மதுக்கடை மூடல். மச்சினன் மிகுந்த தேசபக்தியோடு, "அன்னிக்கு வீட்ல இருந்து ராட்டை சுத்தலாம் மாமா" என்றான். மிஞ்சியது மே 1. வெயில் கொளுத்தும்தான். ஆனால் மணல் விரிந்திருக்கும். இன்னொன்றையும் தினசரிக் காலண்டர் காட்டிக் கொடுத்தது: அன்று சித்ரா பௌர்ணமி.

இதற்குமேல் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கிழக்கு பார்த்த கரை. கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று பாண்டிக்கு வந்து ஏமாறுகிறவர்களை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்க்கலாம். இங்கே மறைவது ஊருக்குப் பின்னால். கடலில் எழுவது காலையில் சூரியன், பௌர்ணமி மாலையில் நிலா. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்; மறுநாள் காலை 7.30 வரை அது நடப்பவர்களின் சாலை. வண்டிச் சத்தம் அடங்கிய சற்று நேரத்தில் நிலா வரும். சுற்றுலாத்துறையே திட்டம் போட்டாலும் இத்தனை கச்சிதமாக வராது.

பாண்டிக்குத் திட்டம் போடுகிறவர்கள் இடங்களின் பட்டியல் எழுதுகிறார்கள். எழுத வேண்டியது நேரங்களை. பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை அந்த ஊர் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கப்படி கதவைச் சாத்திக்கொள்ளும். பழைய கடைகளில் பாதிக்குமேல் பூட்டு. அந்த நேரத்தில் கையில் பட்டியலோடு வெள்ளை நகரத்துத் தெருக்களில் அலைபவர்களுக்குக் காகிதப்பூவும் மஞ்சள் சுவரும் போட்டோவில் மட்டும்தான் அழகாக இருக்கும். மத்தியானம் தூங்குவதற்கானது. காலை ஐந்தரைக்குக் கடற்கரை. வெயில் ஏறுமுன், ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்கள். எல்லாரும் வாய்க்காலுக்குக் கிழக்கேயே சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு மேற்குதான் பிடிக்கும். தெருவை ஒட்டிய தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூணுமாக வைசியாள் வீதி. ரங்கப்பிள்ளை வீதியில், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்தை நாட்குறிப்பாக எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் தஞ்சமிருந்த பாரதி குடியிருந்த, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வீடு. அப்படியே குபேர் அங்காடிக்குள் நுழைந்தால் பூ, காய்கறி, மீன் எல்லாம் ஒரே இரைச்சலில். மீன் பகுதிக்கு நல்ல செருப்போடு போகாதீர்கள்.

சனிக்கிழமை தெற்கே. மணல் தேங்கிய பக்கம் அதுதானே. கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை; அங்கிருந்து படகில் போனால் முகத்துவாரத்து மணல்திட்டு. விடுமுறையில் அந்த வரிசை மனிதப் பொறுமைக்குச் சோதனை, காலையில் முதல் படகைப் பிடித்தால் உண்டு. இல்லையென்றால் சின்ன வீராம்பட்டினம் போதும். 2021-ல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கரை, உடை மாற்ற இடமும் உயிர்காப்பாளரும் உண்டு. பக்கத்து வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் கோயில். ஆடித் தேருக்கு அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடிப்பாராம். இப்போதும் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். திரும்பும் வழியில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானியப் பானை ஓடுகளை எடுத்த இடம் என்று சொல்லி மகனைக் கூட்டிப்போனால், அவன் பார்ப்பது ஒரு மாந்தோப்பும் பாழடைந்த செங்கல் சுவரும்தான். ஆனாலும் கூட்டிப்போவேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் கப்பல்காரர்களுக்குக் கரை தேர்ந்தெடுக்கத் தெரிந்திருந்தது.

ஆரோவில்லை இம்முறை விட்டுவிடலாம் என்பது என் தீர்ப்பு. மாத்ரி மந்திரை மேட்டிலிருந்து பார்த்துவிட்டு வர அரைநாள் வெயிலில் போகும். உள்ளே அமைதியாக உட்கார முன்கூட்டியே பதிவு வேண்டும். கும்பலோடு போய் அமைதி தேடுவது எங்களுக்கு ஒத்துவராது.

தங்குமிடத்தில்தான் வீடு இரண்டாகப் பிளந்தது. நீண்ட வார இறுதி என்றாலே வாடகை இரட்டிப்பு, 'குறைந்தது இரண்டு இரவு' என்ற நிபந்தனை வேறு. ஆசிரமத்து விருந்தினர் இல்லம் ஒன்று கடலைப் பார்த்தபடி இருக்கிறது, வாடகையும் நியாயம். ஆனால் இரவில் கேட்டைச் சீக்கிரம் மூடுவார்கள். மது, புகை வாசனையே ஆகாது. அம்மா உடனே சம்மதித்தாள். மச்சினன், "எனக்குத் தனியா லாட்ஜ் பார்த்துக்கறேன் மாமா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான். அவன் பெருந்தன்மையை அம்மா பாராட்டினாள்.

வெள்ளி விடியுமுன் கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போவதாகத் தீர்மானம். சித்ரா பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக் கிரிவலக் கூட்டம் முழுக்கத் திண்டிவனம் வழியில்தான் நகரும்; அதற்குள் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. கடற்கரை வழியில் மரக்காணத்து உப்பளங்களையும் பார்க்கலாம். கோடைதான் உப்பு விளையும் பருவம், வெள்ளைக் குவியல்கள் வரப்போரம் நிற்கும். திரும்புவது திங்கள் காலை. ஞாயிறு மாலை அத்தனை காரும் சென்னைக்குக் கிளம்பும்போது நாங்கள் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருப்போம். ஒரு நாள் லீவு போகும், போகட்டும். அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும், அதை மட்டும் முன்னதாகப் பார்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வெள்ளி மாலை என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அன்னிக்குப் பௌர்ணமின்னா சொன்னே?"

"ஆமாம்மா. கடல்லேருந்து நிலா வரும்."

"நிலா மாசாமாசம் வருது. பாண்டிச்சேரி வரைக்கும் போயிட்டு, பௌர்ணமி அன்னிக்குத் திருவக்கரை வக்ரகாளியைப் பார்க்காம வர்றதா? ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஜோதி காட்டுவாங்கடா."

அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை என்று மச்சினன் செல்போனில் பார்த்துச் சொன்னான். ராத்திரி ஆசிரமத்து கேட் மூடிவிடுமே என்று மனைவி ஞாபகப்படுத்தினாள். அப்படியென்றால் எல்லாரும் லாட்ஜிலேயே தங்கிவிடலாம் என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். மச்சினன் முகம் விழுந்துவிட்டது.