இந்த நிலையத்திற்கு அனுமதி இல்லை

கரோல் பாக்கின் அஜ்மல் கான் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இரண்டாம் மாடியில், தமிழ் மாணவர்களுக்கான சிறு படிப்பகம் ஒன்று உள்ளது. நடத்துபவர்கள் விளம்பரம் விரும்பாதவர்கள் என்பதால் பெயர் வேண்டாம். மத்திய அரசுப் பணிக்காகத் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஒருகாலத்தில் செறிந்து வாழ்ந்த பகுதி இது. அவர்களில் பலர் மயூர் விஹார் போன்ற இடங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். இன்று படிப்பகத்திற்கு வருவோர் பெரும்பாலும் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும், மடிக்கணினி வாங்க வசதியில்லாத கல்லூரி மாணவர்களும்தான். அவர்களுக்காக அங்கு ஒன்பது பழைய கணினிகளும் ஒரு சர்வரும் உண்டு. ஒன்பதிலும் வன்தட்டு கிடையாது.

சென்ற குளிர்காலத்தில் அந்த ஒன்பதும் அடுத்தடுத்து முடங்கின. சர்வரின் உபுண்டு 18.04, 20.04-க்கு மேம்படுத்தப்பட்டிருந்தது, அதைச் செய்த தன்னார்வலர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். “எல்லாத்தையும் கபாடிக்காரன்கிட்ட எடைக்குப் போட்டுடலாம்னு கமிட்டில பேசிட்டாங்க தம்பி. நீங்க ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்களேன்” என்றார் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் மாமா. மொழியியல் படித்தவனிடம் இதை ஏன் கேட்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. தில்லித் தமிழரிடையே கணினியில் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்தவன் கணினிப் பொறியாளன்தான்.

இவ்வகைக் கணினிகளைத் தின் கிளையன்ட் என்பர். அந்தப் படிப்பகத்தில் இயங்கியது எல்.டி.எஸ்.பி. என்னும் கட்டற்ற மென்பொருள். அமெரிக்கரான ஜிம் மெக்குவில்லன் 1990களின் இறுதியில் தொடங்கிய திட்டம் அது. கணினியின் விசையை அழுத்தியதும் அதன் பிணைய அட்டை, ‘எனக்கொரு முகவரி தருவார் உண்டா’ என்று அக்கம்பக்கத்தை நோக்கிப் பொதுவாகக் கூவும். பதிலாக ஒரு முகவரியும், எந்தக் கோப்பை எடுத்துத் தொடங்க வேண்டும் என்ற தகவலும் வர வேண்டும். பின்னர் அக்கோப்பு இறங்கும். அதன்வழி கெர்னல் இறங்கும். கெர்னல் எழுந்து சர்வரிலுள்ள வட்டுப் படிமத்தைத் தன் வட்டாகப் பாவித்துக்கொள்ளும். முழுக்க முழுக்க உரையாடலால் உயிர்பெறும் இயந்திரம் என்பதால்தான் எனக்கு அதன்மேல் ஈர்ப்பு வந்தது.

முதற் கோளாறே உரையாடற் கோளாறுதான். ஒரே கணினி காலையில் எழும். மாலையில் ‘தொடக்கக் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும். அறையில் புதிதாக ஓர் இணைய ரவுட்டர் வந்திருந்தது. முகவரி கேட்டவுடன் சர்வரும் பதில் சொல்கிறது, ரவுட்டரும் சொல்கிறது. ரவுட்டர் முந்தினால் முகவரி வரும், கோப்பின் பெயர் வராது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வினாவையும் செப்பையும் சேர்த்தே பேசுவது நினைவுக்கு வந்தது. இங்கே செப்பு பாதி வழுவாகவும் பாதி சரியாகவும் இருந்ததுதான் சிக்கல். சர்வரின் பழைய முகவரி வழங்கும் சேவையை நிறுத்திவிட்டு, ‘எல்.டி.எஸ்.பி. டி.என்.எஸ்.மாஸ்க்’ என்ற கட்டளையை ஓட்டினால் போதும். முகவரி தரும் உரிமையை ரவுட்டருக்கே விட்டுவிட்டு, சர்வர் கோப்பின் பெயரை மட்டும் கூடவே சொல்லும். மேம்படுத்தலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் ஒரே மாதத்தில் நடந்ததால் எல்லாப் பழியும் மேம்படுத்தலின் தலையில் விழுந்திருந்தது.

மேம்படுத்தலால் வந்த சிக்கல் ஆழமானது. எல்.டி.எஸ்.பி.யைக் கிரேக்கரான அல்கிஸ் ஜியார்கோபூலோஸ் 2019-இல் அடியோடு மாற்றி எழுதினார். பழைய ஐந்தாம் பதிப்பில் நிரல்கள் சர்வரில் ஓடும், முன்னாலிருக்கும் கணினி திரையை மட்டும் காட்டும். புதியதில் நிரல்கள் முன்னாலிருக்கும் கணினியிலேயே ஓடும். சர்வர் வட்டையும் கணக்குகளையும் தரும். பெயர் அதே நான்கெழுத்துதான், பொருள் ஏறத்தாழத் தலைகீழ். நாற்றம் என்ற சொல்லின் கதையை வகுப்பில் கேட்டவர்களுக்கு இதில் வியப்பு இராது. உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்குத் தாவும்போது பழையது போய்ப் புதியது வந்து அமர்கிறது. 512 எம்.பி. நினைவகம் கொண்ட கணினி நேற்றுவரை திரையாக இருந்தது. இன்று உலாவியைத் தானே ஓட்டு என்றால் மூச்சுத் திணறும். அதற்கு மேல், மூன்று கணினிகளின் செயலிகள் 32 பிட் மட்டுமே அறிந்தவை, உபுண்டு 20.04-க்கு 32 பிட் கெர்னலே கிடையாது. ‘இந்தக் கெர்னலுக்கு 64 பிட் செயலி தேவை, நான் காண்பதோ ஐ686’ என்று அவை சொல்லி நின்றன. நான் பார்த்த பிழைச்செய்திகளிலேயே ஒழுங்கானது இதுதான். என்ன வேண்டும், என்ன இருக்கிறது என்ற இரண்டையும் சொல்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை.

பழைய பதிப்பில் இதற்கு நேர்மாறான செய்தி ஒன்று இருந்தது. முந்தைய தன்னார்வலர் விட்டுச்சென்ற நோட்டில் அதைக் கண்டேன்: ‘சர்வருடன் இணைய இந்த நிலையத்திற்கு அனுமதி இல்லை.’ சர்வரின் அடையாளச் சாவி மாறிவிட்டால் இது தோன்றும். சர்வர் யாரையும் தடுப்பதில்லை. மாறிய சாவியைக் கண்டு, ‘இது நான் அறிந்த சர்வர் அல்ல’ என்று ஒதுங்குவது முன்னாலிருக்கும் கணினிதான். சாவிகளைப் புதுப்பித்துப் படிமத்தை மீண்டும் கட்டினால் சரியாகிவிடும். செய்தியோ எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றிச் சொல்கிறது. நம்ப மறுத்தவர், அனுமதி மறுக்கப்பட்டவராகிவிடுகிறார். அந்தத் தன்னார்வலர் நோட்டின் அடுத்த நான்கு பக்கங்களைச் சர்வரின் அனுமதி அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதிலேயே செலவிட்டிருந்தார்.

இதை நுண்மையான விளையாட்டாக எண்ணிக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தேன், அந்த மாணவனைச் சந்திக்கும்வரை. இளங்கலை இரண்டாமாண்டு, படிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்தவன். சர்வரில் அவனுக்குக் கணக்கு இருந்தது. ஆனால் எழுந்து இயங்கிய கணினி ஒவ்வொன்றும் ‘கடவுச்சொல் தவறு’ என்றது. இரண்டு வாரமாகத் தன் திட்ட அறிக்கையைத் தாளில் கையால் எழுதிக்கொண்டிருந்தான். யாரிடமாவது கேட்டாயா என்றேன். “இல்லண்ணா, நான்தான் தப்பா அடிக்கிறேன்னு நெனச்சேன்” என்றான்.

புதிய எல்.டி.எஸ்.பி.யில் கணக்குகளின் பட்டியல் ஒரு சிறு கோப்பில் பொதியப்பட்டுத் தொடக்கத்தின்போது கணினிகளுக்குச் செல்கிறது. புதியவர் ஒருவரைச் சேர்த்தால் ‘எல்.டி.எஸ்.பி. இனிட்ஆர்டி’ என்ற கட்டளையை மீண்டும் ஓட்டிக் கணினிகளை மறுபடி தொடங்க வேண்டும். அதுவரை அப்படி ஒருவர் இருப்பதே கணினிக்குத் தெரியாது. ‘உங்களை எனக்குத் தெரியவில்லை’ என்று அது சொன்னால், ஊரார் கணக்குகளைத் திருடுபவருக்கு அது துப்பாகிவிடும். எனவே பெயர் தவறினாலும் கடவுச்சொல் தவறினாலும் ஒரே பதிலைச் சொல்வது பாதுகாப்பு நெறி. நெறி சரியே. ஆயினும் அதன் விலையைக் கொடுப்பவர் எப்போதும் புதியவர். அதிலும், ஆங்கிலத்தில் ஒரு கருவி சொன்னால் தன்மேல்தான் பிழை இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்.

தமிழில் சொல்லியிருந்தால்? அதற்கும் ஒரு தடை உண்டு. கணினி எழும்போது எழுத்துகள் உருளும் கருப்புத் திரையின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்கே இடம். எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் திறனும் அதற்கில்லை. கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்தி ‘கெ’ என்று எழுதவே அதனால் முடியாது. வரைகலைத் திரை வந்த பிறகே தமிழ் வரும். அதற்கு முன் நிகழும் கோளாறுகளெல்லாம் ஆங்கிலத்தில்தான் நிகழும்.

ஆகவே திரைக்கு வெளியே தாளில் எழுதினேன். அங்கு அடிக்கடி தோன்றும் பதினொரு செய்திகள், அவற்றின் தமிழாக்கம், உண்மையில் என்ன நடந்திருக்கிறது, யாரிடம் சொல்ல வேண்டும். கடவுச்சொல் வரிக்கு எதிரே ‘மூன்று முறை முயன்றும் இப்படி வந்தால், உங்கள் பெயர் இன்னும் கணினிக்குப் போய்ச் சேரவில்லை; மாமாவிடம் சொல்லவும்’ என்று இருக்கிறது. மாமா ஓட்ட வேண்டிய கட்டளை சர்வரின் மேல் ஒட்டப்பட்டுள்ளது. இப்போது அவரே ஓட்டுகிறார்.

ஆறு கணினிகளுக்குக் கூடுதல் நினைவகம் வாங்கிப் புதிய முறையில் இயக்கியாயிற்று. 32 பிட் கணினிகள் மூன்றுக்கும் டெபியன் 12-இல் தனிப் படிமம் கட்டி, அதிலிருந்து சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து காட்டுமாறு அமைத்தேன். பழைய பொருளில் அவை இன்னும் தின் கிளையன்ட்தான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. பன்னிரண்டாம் பதிப்புக்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. கமிட்டியிடம் அந்தத் தேதியைச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பழைய 64 பிட் கணினி வைத்திருக்கும் நண்பர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள், வன்தட்டு தேவையில்லை.