இனி எத்தனை புத்தகம்?

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். ஒரு நாளைக்கு 20 நிமிடம் வாசிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு பக்கம். 250 பக்கப் புத்தகம் 13 நாளில் முடிந்துவிட வேண்டும். ஆண்டுக்கு 28 புத்தகம் ஆகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குத் தேர்வு வந்தால் அந்த மாதம் போய்விடும். தீபாவளிக்கு முந்தைய மாதமும் அப்படித்தான். கணவருக்கு இரவு ஷிப்ட் வந்தால் வீட்டு வேலை முழுவதும் என் தலையில். எல்லாம் கழித்துப் பார்த்தால் எனக்கு ஆண்டுக்குப் பத்துப் புத்தகம் தேறும்.

எனக்கு வயது 42. கண்ணும் மனமும் ஒத்துழைத்தால் 75 வரை வாசிப்பேன். 33 ஆண்டுகள், 330 புத்தகங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் தமிழ் அலமாரிகளின் முன்னால் நின்றால், இந்த 330 புத்தகங்கள் எவ்வளவு கொஞ்சம் என்பது புரியும். என் வாழ்நாள் வாசிப்பு ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கணக்கைச் சொன்னால் சிலர் பயப்படுகிறார்கள். அலுவலகத் தோழி ஒருத்தி, "காலையிலேயே ஏன் இப்படிப் பேசுறீங்க?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டாள். எனக்கு அது பயமாக இல்லை. எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் அடுத்து எதை எடுப்பது என்ற கேள்விக்கு ஒரு மரியாதை வந்தது. சம்பளம் இவ்வளவுதான் என்று தெரிந்தவள் பேரங்காடியில் கண்டதை எல்லாம் தள்ளுவண்டியில் போடமாட்டாள் அல்லவா?

எங்களைப் போல வேலை, வீடு, பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு என்று ஓடுகிறவர்களுக்குப் புத்தகம் கிடைப்பதில் சிரமமே இல்லை. நூலக அட்டை இருக்கிறது. கைப்பேசியில் மின்னூல் இருக்கிறது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா சமயத்தில் வாராவாரம் நூல் வெளியீடு. வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது ஒரு பட்டியலை அனுப்புகிறார்கள். பத்துப் பேர் பரிந்துரைத்த பத்துப் புத்தகங்களையும் இரவல் வாங்கி வந்து, 21 நாள் மேசையில் வைத்திருந்து, அப்படியே திருப்பிக் கொடுக்கும் குடும்பங்கள் எத்தனையோ. தேர்வு செய்வதுதான் கடினம்.

நான் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். எனக்கு வாசிக்க மூன்று இடங்கள் உண்டு. முதலாவது ரயில். உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போக ஏறத்தாழ 50 நிமிடம். பாதி நாள் நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். அதனால் ஒரு கையில் அடங்கும் புத்தகம்தான் சரிப்படும். அதற்குச் சிறுகதைத் தொகுப்பு மாதிரி எதுவும் இல்லை. யீஷூனில் தொடங்கினால் நியூட்டன் வருவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும். மீதி ஐந்து நிலையங்களுக்கு அதை யோசித்துக்கொண்டே போகலாம். ராம கண்ணபிரான், மா. இளங்கண்ணன் போன்ற நம் ஊர் எழுத்தாளர்களின் கதைகளை நான் இப்படித்தான் வாசித்தேன். கதையில் வரும் தெருவை ரயில் கடந்து போகும்போது ஏற்படும் சந்தோஷம் தனி.

இரண்டாவது இடம் ஞாயிற்றுக்கிழமை மதியம். வீடு தூங்கும் நேரம். கனமான கட்டுரை நூல், பென்சிலோடு வாசிக்க வேண்டிய நூல் எல்லாம் அங்கே.

மூன்றாவது இடம் என் மாமியாரின் கட்டில்.

அத்தைக்கு வயது 78. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 1947ல் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் வாசிப்பு நிற்கவில்லை. தோட்டத்துக்கு வரும் வார இதழ்களும் பைண்டு செய்த தொடர்கதைகளும் லயத்துக்கு லயம் கைமாறும். கடைசியாக வரும் வீட்டுக்கு முதல் பத்துப் பக்கம் இருக்காதாம். "கதை எப்படி ஆரம்பிச்சதுன்னு பக்கத்து வீட்ல கேட்டுக்குவோம்" என்பார். திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்த பிறகும் சமையல் முடிந்ததும் கையில் ஏதாவது ஒன்று இருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி தேயத் தொடங்கியது. ஓரப் பார்வை இருக்கிறது. நடக்கிறார், தேநீர் போடுகிறார். நேராகப் பார்ப்பது மட்டும் புகை மாதிரி கலங்கிப்போகிறது. "உன் காது தெரியுது, தோடு தெரியுது, மூஞ்சி தெரியலம்மா" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எழுத்து அந்தப் புகைக்குள்தான் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி சில மாதங்களுக்கு உதவியது. பிறகு அதுவும் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

அதிலிருந்து இரவு உணவுக்குப் பிறகு நான் அவருக்கு 20 நிமிடம் வாசித்துக் காட்டுகிறேன். "ஒலிநூல் போட்டுக் கொடுத்தால் போதுமே" என்று பலர் கேட்பதுண்டு. போட்டுப் பார்த்தோம். அத்தைக்கு அது ஒத்துவரவில்லை. "நிறுத்துன்னா நிக்க மாட்டேங்குது. எனக்கு நடுவுல பேசணும்" என்றார்.

வாய்விட்டு வாசிக்கும்போது வேகம் பாதியாகக் குறைந்துவிடும். நடுவில் அவர் பேச்சும் சேர்ந்தால் 20 நிமிடத்தில் எட்டுப் பக்கம். ஒரு நாவல் முடிய ஒன்றரை மாதம். ஆண்டுக்கு எட்டு நாவல். அத்தையின் வயதுக்கு எத்தனை ஆண்டால் பெருக்குவது என்பதை நாங்கள் இருவரும் கணக்குப் போடவில்லை. ஆனால் அந்தக் கணக்கு அறையில்தான் இருந்தது. அவருக்கு நான் ஒரு சுமாரான புத்தகத்தை எடுத்தால் என்னுடைய ஒன்றரை மாதத்தை மட்டும் செலவழிக்கவில்லை.

அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு விதி சொல்லியிருக்கிறார். எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் வாய்ப்புக் கொடுங்கள், பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். வயது 50ஐத் தாண்டியவர்கள் 100லிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் வரும் அத்தனை பக்கம் போதும். அத்தையிடம் இதைச் சொன்னேன். 100லிருந்து 78 போனால் 22. "எதுக்கு 22? ரெண்டு பக்கத்துல தெரிஞ்சிடாதா, ஆளு பேசத் தெரிஞ்சவனா இல்லையான்னு?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பக்க விதி. பரிசு வாங்கிய புத்தகங்கள்கூட அதில் தேறாமல் திரும்பிப் போயிருக்கின்றன.

சென்ற ஆண்டு ஒரு புத்தகம் முடிந்த இரவில், அடுத்தது என்ன என்று கேட்டேன். நானே பதிலும் வைத்திருந்தேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம். சிறுவயதில் அவர் உருகி உருகி வாசித்தது. எங்கள் வேகத்தில் முடிக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும் என்றும் சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முடிவு தெரிஞ்ச கதைக்கு ஒரு வருஷம் வேணாம்மா" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பா சயாமுக்குப் போனாருல்ல, அதப்பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார்.

ஜப்பானியர் காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1942ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் சேர்ந்தன. போர்க் கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களையும் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் போக, மிஞ்சியவர்கள் திரும்பினார்கள். அத்தையின் அப்பா திரும்பி வந்தவர். இதை நான் திருமணமான புதிதிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் வாயைத் திறந்ததே இல்லையாம். அத்தையும் 78 வயது வரை அதைப் பற்றி ஒரு வரி வாசித்ததில்லை. வேண்டுமென்றேதான் வாசிக்கவில்லை என்று அன்றுதான் சொன்னார். "சிரிக்கிற கதையா பாத்துப் பாத்து எடுப்பேன்."

மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி அந்த ரயில் பாதையைப் பற்றி 'நினைவுச் சின்னம்' என்றொரு நாவல் எழுதியிருக்கிறார். ஜொகூரில் இருக்கும் என் சித்தியின் வீட்டு அலமாரியில் அது இருந்தது. ஒரு சனிக்கிழமை போய் வாங்கி வந்தேன். வாங்கி வந்த பிறகுதான் எனக்குத் தயக்கம். இதை இவருக்கு வாசிக்கலாமா? இருக்கிற கொஞ்ச நாளில் இவ்வளவு பாரம் எதற்கு? கணவர், "வேணாம், அம்மா தூங்க மாட்டாங்க" என்றார். நான் அத்தையிடமே கேட்டேன். "நான்தானே கேட்டேன்? நீ வாசி. முடியலைன்னா நானே நிறுத்தச் சொல்றேன்" என்றார்.

பல இரவுகளில் எட்டுப் பக்கம் போகவில்லை. மூன்று பக்கத்தில் கையைத் தூக்குவார். நான் நிறுத்துவேன். கதைக்கும் அப்பாவுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்பதில்லை. அவராகவே ஏதாவது சொல்வார். அப்பா வீட்டில் எப்போதும் ஒரு தகர டின்னில் அரிசி வைத்திருப்பாராம். அதை யாரும் சமையலுக்கு எடுக்கக் கூடாது. வண்டு வைத்தால் புடைத்து, வெயிலில் காயவைத்து, மீண்டும் டின்னில் கொட்டுவாராம். "அப்பாவுக்கு என்னடா கிறுக்குன்னு நாங்க சிரிப்போம்" என்றார் அத்தை. அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை.

என் மகள் நான்காம் வகுப்பு. பாட்டியின் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். ஒருநாள் தூங்கவில்லை. "பாட்டி, உங்க அப்பா திரும்பி வரலைன்னா நீங்க இருக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். பாட்டி 1947ல் பிறந்தவர் என்பது அவளுக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். "ஆமா கண்ணு." "அப்போ அப்பா? நானு? அண்ணன்?" அத்தை சிரித்தார். "யாருமே இல்ல. இந்த வீட்ல வேற யாராச்சும் இருந்திருப்பாங்க."

வாசலில் நின்றிருந்த கணவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு ஷிப்ட் இல்லாத இரவுகளில் அவரும் கேட்கத் தொடங்கினார்.

ஒன்றரை மாதம் என்று நினைத்தது மூன்று மாதம் ஆனது. அத்தை தூங்காமல் இருந்த இரவுகள் உண்டு. ஆனால் நிறுத்து என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முடிந்த அன்று புத்தகத்தைக் கையில் வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றார். புத்தகம் சின்னது என்கிறாரா, மூன்று மாதம் ஓடியது தெரியவில்லை என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

நண்பர்கள் என்னிடம் என்ன வாசிக்கலாம் என்று கேட்கும்போது இப்போது நான் பட்டியல் தருவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்கு எந்தக் கேள்வி பாக்கி இருக்கிறது என்று கேட்கிறேன். அப்பா எந்த ஊரில் கப்பல் ஏறினார்? பாட்டி ஏன் அந்தத் தோட்டத்தை விட்டு வந்தார்? மகனுக்கு ஏன் தமிழ் என்றாலே எரிச்சல்? இந்தக் கேள்விகளில் ஒன்றைத் தொட்டுப் பேசும் புத்தகம் எங்காவது இருக்கும். நூலகத்தில் கேட்டால் தேடித் தருவார்கள். வாசிப்பவரின் வயதுக்கும் கிடைக்கும் நேரத்துக்கும் ஏற்ற அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். கேட்பவர் கைப்பேசியைத் தேடாவிட்டால் அதுதான் அடுத்த புத்தகம்.

கனமான ஒன்றுக்குப் பிறகு லேசான ஒன்று என்பதும் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது புதுமைதாசனின் 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி'. 1960களின் இறுதியில் சிங்கப்பூர் வானொலியில் தொடராக வந்த நகைச்சுவை நாடகம். பிறகு நூலாகவும் வந்தது. ஜொகூரில் வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கேட்டதாக அத்தைக்கு ஞாபகம் இருக்கிறது. நாடகம் என்பதால் நான் மட்டும் வாசிக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு பாத்திரம். தமிழ் வாசிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் என் உயர்நிலை இரண்டு மகன், வசனம் சின்னதாக இருக்கிற பாத்திரமாகப் பார்த்து எடுத்துக்கொண்டான். தப்பாக உச்சரித்தால் கட்டிலிலிருந்து பாட்டி திருத்துகிறார். அவன் வேண்டுமென்றே இன்னொரு முறை தப்பாகச் சொல்கிறான்.

இது முடிய இன்னும் இரண்டு வாரம் ஆகும். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை என் மகளுடையது. பள்ளி நூலகத்தில் எதையோ பார்த்து வைத்திருக்கிறாளாம், சொல்ல மறுக்கிறாள். நிபந்தனை ஏதாவது உண்டா என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறாள்.

"பெருசா இருந்தாலும் பரவால்ல, கண்ணு" என்றாராம் அத்தை. "முடிவு மட்டும் எனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது."